அசெம்ப்ளி படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

தில்லியில் காலேஜ் திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், தெரிந்த தமிழ் வீடுகளில் இருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். "இந்த செமஸ்டர்ல மைக்ரோப்ராசஸர் பேப்பர் இருக்கு அங்கிள். அசெம்ப்ளிக்கு எந்த புக் வாங்கலாம்?" பின்னாலிருந்து அம்மாவின் குரலும் கேட்கும்: "நல்ல புக்கா ஒண்ணு சொல்லுங்க, விலை பரவாயில்லை." ஒவ்வொருவருக்கும் ஃபோனில் தனித்தனியாகச் சொல்வதற்கு இங்கே எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஆகும் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் இயந்திரத்தைத் தீர்மானியுங்கள், புத்தகம் தானாக வந்து சேரும். இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டு மேஜையில் எந்தச் சிப்பில், அல்லது எந்தச் சிமுலேட்டரில், ப்ரோகிராம் ஓடப் போகிறதோ, அதற்கென்று எழுதிய புத்தகம்தான் நல்ல புத்தகம். மற்றதெல்லாம் எவ்வளவு பெரிய மேதை எழுதியிருந்தாலும் இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பைத்தானுக்கோ ஜாவாவுக்கோ புத்தகம் வாங்கினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து படிக்கலாம். அசெம்ப்ளி அப்படி இல்லை. அசெம்ப்ளி என்று ஒரே மொழி கிடையாது. இன்டெல் 8085க்கு ஒன்று, 8086க்கு ஒன்று, நம் கைபேசியில் இருக்கும் ஆர்ம் சிப்புக்கு இன்னொன்று. சிப் ஒன்றே ஆனாலும் அசெம்ப்ளர் மாறினால் எழுதும் முறை மாறிவிடும். மைக்ரோசாஃப்டின் மாஸ்ம், இலவசமாகக் கிடைக்கும் நாஸ்ம் இரண்டும் 'எங்கே போட வேண்டும்' என்பதை முதலிலும் 'எதைப் போட வேண்டும்' என்பதைப் பிறகும் எழுதச் சொல்லும். லினக்ஸோடு வரும் க்னு அசெம்ப்ளர் வழக்கமாக இதைத் தலைகீழாக எதிர்பார்க்கும். இது தெரியாமல் ஒன்றின் புத்தகத்தை வைத்துக்கொண்டு மற்றொன்றில் தட்டினால் வரிக்கு வரி திட்டு வாங்க வேண்டியதுதான் :-)

தர்யாகஞ்ச் பொக்கிஷம்

தில்லிவாசிகளுக்கு தர்யாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜூலையில் ஹைகோர்ட் உத்தரவுக்குப் பிறகு நடைபாதையில் இருந்து எழுப்பப்பட்டு, அதே வருடம் செப்டம்பரில் ஆசஃப் அலி ரோடு பக்கம் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. அங்கே பீட்டர் ஏபல், பீட்டர் நார்ட்டன் போன்றவர்கள் பழைய ஐபிஎம் பிசிக்காக எழுதிய அசெம்ப்ளி புத்தகங்கள் சல்லிசாக மாட்டும். நல்ல புத்தகங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவை டாஸ் காலத்துப் புத்தகங்கள். 'டீபக்' என்று டைப் செய்யுங்கள் என்று ஆரம்பிக்கும். திரையில் ஓர் எழுத்தைக் காட்ட வேண்டுமானாலும் '21எச்' என்ற டாஸ் இன்டரப்டைக் கூப்பிடச் சொல்லும்.

இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்த டீபக் கிடையாது. 16 பிட் ப்ரோகிராம்களையும் அது நேரடியாக ஓட்டாது. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரைப் போட்டு, பழைய மாஸ்மையும் தேடிப் பிடித்தால்தான் வேலை நடக்கும். 1990களில் அச்சான புத்தகம் இதை எப்படிச் சொல்லும்?

இங்கேதான் எனக்கு வருத்தம். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஆசையாக உட்கார்ந்து முதல் பயிற்சியைத் தட்டுகிறது. "இப்படி ஒரு கமாண்டே இல்லை" என்று பதில் வருகிறது. மறுபடி தட்டுகிறது, மறுபடி அதேதான். புத்தகத்தின் வயதைச் சந்தேகப்பட அதற்குத் தெரியாது, தன்னைத்தான் சந்தேகப்படும். "நமக்கு ஹார்டுவேர் சைடு வராதுப்பா" என்று முடிவுகட்டிவிட்டு, வெப் டிசைன் பக்கம் ஒதுங்கிவிடும். அசெம்ப்ளி கஷ்டம் என்று சொல்பவர்களை விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேர் அசெம்ப்ளிக்குள் நுழைந்திருக்கவே மாட்டார்கள், வாசற்படியிலேயே தடுக்கி விழுந்திருப்பார்கள்.

மைதான் கடியில் இருக்கும் இக்னோவில் பழைய பிசிஏ, எம்சிஏ பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு எம்சிஎஸ் 012 என்ற பாடம் நினைவிருக்கும். கம்ப்யூட்டர் அமைப்பும் 8086 அசெம்ப்ளியும் சேர்ந்தது. அதற்கான லேப் எம்சிஎஸ்எல் 017. வேலைக்குப் போய்க்கொண்டே வார விடுமுறையில் படித்தவர்களுக்கென்று எழுதப்பட்டதால் அந்தப் பாட நூல்கள் மெலிசாக, தெளிவாக இருக்கும். இக்னோவின் இ-ஞான்கோஷ் தளத்தில் அதன் பாட நூல்களை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அதுவும் டாஸ் அடிப்படையிலானதுதான். டாஸ்பாக்ஸை ஓடவிட்ட பிறகு படித்தால் பலன் உண்டு.

கடையில் நின்றே ஐந்து நிமிடத்தில் சோதிக்க

நயீ சடக் கடைக்காரர் நின்று படிக்க விடமாட்டார். ஐந்து நிமிடம் கிடைத்தாலும் கீழே உள்ளதைப் பார்த்துவிடலாம்.

ஒன்று. எந்தச் சிப், எந்த அசெம்ப்ளர் அல்லது எந்த கிட் என்று முன்னுரையிலோ முதல் அத்தியாயத்திலோ பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா? "எல்லா ப்ராசஸர்களுக்கும் பொருந்தும்" என்று சொன்னால் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டு. ப்ரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நினைவக முகவரியும் எண் குறியீடும் அச்சாகியிருக்கிறதா? 8085இல் 1 முதல் 5 வரை கூட்டும் ப்ரோகிராமை எடுத்துக்கொள்வோம். பி ரெஜிஸ்டரில் 5 போடு. ஏ-வைப் பூஜ்யம் ஆக்கு. ஏ-வோடு பி-யைக் கூட்டு. பி-யில் ஒன்று குறை. பூஜ்யம் வரவில்லை என்றால் கூட்டும் இடத்துக்குத் திரும்பப் போ. விடையை நினைவகத்தில் வை. நில். ஏழே கட்டளை, மொத்தம் 12 பைட். 2000 என்ற முகவரியில் ஆரம்பித்தால் கூட்டும் வரி 2003இல் விழும். 'திரும்பப் போ' என்ற கட்டளைக்குப் பின்னால் அந்த முகவரி 20 03 என்று உட்காராது, 03 20 என்று புரண்டு உட்காரும். ஏனென்றால் இன்டெல் சிப்புகள் சிறிய பாதியை முதலில் வைக்கும். குறியீடுகளை அச்சடிக்காத புத்தகத்தில் இந்தப் புரட்டல் கண்ணிலேயே படாது. லேபில் கிட்டில் கையால் எண்களை அழுத்தும்போதுதான் முழிப்பார்கள்.

மூன்று. இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 8085இல் ஒற்றை ரெஜிஸ்டரில் ஒன்று குறைக்க டிசிஆர், இரட்டை ரெஜிஸ்டரில் குறைக்க டிசிஎக்ஸ். டிசிஆர் பூஜ்யக் கொடியை மாற்றும், ஆனால் கேரி கொடியைத் தொடாது. டிசிஎக்ஸ் எந்தக் கொடியையும் தொடாது. அதனால் டிசிஎக்ஸ் போட்டுவிட்டு உடனே 'பூஜ்யம் இல்லையென்றால் திரும்பப் போ' என்றால் அந்தக் கட்டளை எப்போதோ மாறிய கொடியைப் பார்த்துக்கொண்டு இஷ்டத்துக்கு நடக்கும். இரண்டு பாதியையும் 'ஆர்' செய்து பார்த்துத்தான் பூஜ்யமா என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பள்ளத்தைக் காட்டி எச்சரிக்கும் ஆசிரியர் தானே உட்கார்ந்து ப்ரோகிராம் ஓட்டியிருக்கிறார் என்று நம்பலாம். வெறும் அட்டவணையை மட்டும் காப்பியடித்துப் போட்டவருக்கு இது தெரிந்திருக்காது.

நான்கு. கால், ரிட்டர்ன் பற்றிய அத்தியாயத்தில் ஸ்டாக்கின் படம் இருக்கிறதா? கால் நடப்பதற்கு முன் ஒரு படம், நடந்த பின் ஒரு படம், அதில் திரும்பி வர வேண்டிய முகவரியின் இரண்டு பாதியும் எந்தெந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்பது. பத்தி பத்தியாக விளக்கம் மட்டும் இருந்தால் போதாது.

ஐந்து. விடை கொடுக்காத பயிற்சிகள் இருக்கின்றனவா? எல்லாக் கேள்விக்கும் பின்பக்கம் விடை இருந்தால் அது புத்தகம் இல்லை, கைடு. கைடு பற்றிப் பிறகு வருகிறேன்.

சரி, பெயரைச் சொல்லுங்க சார்

8085 என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரமேஷ் காவ்ன்கர். 1984இல் முதல் பதிப்பு வந்த புத்தகம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகரத்து ஒனண்டாகா கம்யூனிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்தவர். கம்யூனிட்டி காலேஜ் என்பது நம்மூர் பாலிடெக்னிக் மாதிரி, இரண்டு வருடப் படிப்பு. அங்கே வரும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பொறுமை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். நம் நாட்டிலிருந்து போய் அங்கே பாடம் நடத்தியவரின் புத்தகம் இங்கே நம் பிள்ளைகளின் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஒரே ஒரு யோசனை: முதல் பகுதி முழுக்க ஹார்டுவேர். 40 கால் சிப்பின் படத்தைப் பார்த்தே பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். ப்ரோகிராமிங் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அங்கே ஆரம்பித்து, நாலு ப்ரோகிராம் ஓட்டியபின் முதல் பகுதிக்குத் திரும்புங்கள். ஓட்டிப் பார்க்க கிட் வேண்டுமென்பதில்லை. ஜிஎன்யூசிம் 8085 என்ற இலவச சிமுலேட்டர் 2003இல் இருந்தே இருக்கிறது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இன்டெல் வெளியிட்ட பழைய 8085 அசெம்ப்ளி கையேடும் இணையத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கிறது. இந்த மூன்றும் போதும், வேறு செலவு வேண்டாம்.

8086 என்றால் டக்ளஸ் ஹால். 1986இல் வந்தது. அவர் ப்ரோகிராமையும் வெளியில் இணைக்கும் கருவிகளையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்லிக்கொண்டு போவார். லியு, கிப்ஸன் எழுதியது கொஞ்சம் கறார், கேட் எழுதுகிறவர்களுக்கு ஆகும். ரே, புர்சண்டி எழுதியது நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அடிக்கடி வரும். 8255, 8259 போன்ற துணைச் சிப்புகளுக்குப் பார்வை நூலாக வைத்துக்கொள்ளலாம். பாரி ப்ரேயின் தடிப் புத்தகம் 8086இல் ஆரம்பித்து பென்டியம் வரை ஒரே மூச்சில் போகும். புதிதாக வருபவர் அதில் தொலைந்துபோவார்.

உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது, அதிலேயே நேராக எழுத வேண்டுமா? ஜெஃப் டன்டிமன். நாஸ்ம் வைத்துச் சொல்லித்தருகிறார். வாங்கினால் 64 பிட்டுக்காக 2023இல் வந்த நான்காம் பதிப்பையே வாங்குங்கள். அதற்கு முந்தைய 2009 பதிப்பு 32 பிட் காலத்தது. விண்டோஸில் மாஸ்ம் என்றால் கிப் இர்வைன்.

"8085 எல்லாம் மியூசியம் ஐட்டம்"

இப்படிச் சொல்பவர்கள் நிறைய. 1976இல் வந்த சிப், 6500 ட்ரான்சிஸ்டர் சுமார். இன்றைய லேப்டாப் சிப்பில் கோடிக்கணக்கில் இருக்கிறது, இதைப் போய்ப் படிப்பானேன் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் 1997இல் செவ்வாய் கிரகத்தில் ஊர்ந்த நாசாவின் சோஜர்னர் வண்டிக்கு மூளையாக இருந்தது இந்த 8085இன் ஒரு வகைதான். சின்னதாக இருப்பதுதான் இதன் பலம். 74 கட்டளைகள், ஏழெட்டு ரெஜிஸ்டர்கள், 64 கேபி நினைவகம். முழுச் சிப்பும் ஒரு பையனின் தலைக்குள் அடங்கிவிடும். முழுதாக ஒரு இயந்திரத்தைப் புரிந்துகொண்டோம் என்ற அனுபவம் வாழ்க்கையில் ஒருமுறையாவது வேண்டும். லேப்டாப் சிப்பில் அது யாருக்குமே கிடைக்காது.

ஆனால் 8085ஐ முடித்துவிட்டு 8086க்குப் போவதுதான் ராஜபாட்டை என்பதை நான் ஏற்கவில்லை. 8086இல் பாதி நேரம் செக்மென்ட்டைப் பதினாறால் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டுவதில் போகிறது. 16 பிட் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு 1 எம்பி நினைவகத்தை எட்ட 1978இல் இன்டெல் செய்த ஏற்பாடு அது. பரீட்சைக்கு வருகிறது என்றால் படியுங்கள். சொந்த ஆர்வத்தில் அடுத்த படி என்றால் நேராக ரிஸ்க்-ஃபைவ் போங்கள். 2010இல் பெர்க்லியில் பிறந்தது. யாரும் உரிமத்தொகை கட்டாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அடிப்படைக் கட்டளைகள் 40 சுமார்தான். நம் ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸர் இந்த வகைதான். 2018இல் சண்டிகர் செமிகண்டக்டர் ஆலையிலேயே அதன் ஒரு சிப் தயாரானது. இதற்கு பேட்டர்ஸன், ஹென்னஸி எழுதிய கம்ப்யூட்டர் அமைப்புப் புத்தகத்தின் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு, கூடவே ரார்ஸ் என்ற இலவச சிமுலேட்டர்.

"வேலைக்கு உதவுமா?" என்பது அடுத்த கேள்வி. 2025 செப்டம்பர் 2ஆம் தேதி துவாரகா யசோபூமியில் நடந்த செமிகான் இந்தியா விழாவில் இஸ்ரோவின் விக்ரம் 3201 சிப்பைப் பிரதமரிடம் கொடுத்தார்களே, செய்தியில் பார்த்திருப்பீர்கள். ராக்கெட்டுக்கான 32 பிட் ப்ராசஸர். சிப்பைச் செய்தால் மட்டும் போதுமா? அதற்கென்று அசெம்ப்ளர், லிங்கர், சிமுலேட்டர், கம்பைலர் எல்லாம் யாராவது எழுத வேண்டும். இஸ்ரோவில் அவற்றையும் தாங்களேதான் எழுதினார்கள். புதுச் சிப் ஒவ்வொன்றுக்கும் அப்படி உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும். எல்லோருக்கும் அந்த வேலை கிடைக்காதுதான். ஆனால் அசெம்ப்ளியைப் பார்த்து ஓடியவர்களுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாமல் போகும்.

கைடு விவகாரம்

நயீ சடக்கில் பாடப்புத்தகத்தை விட வேகமாக விற்பது கைடும் பத்து வருடக் கேள்வித்தாளும். வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். ஊரை விட்டு வந்து, வாடகை கட்டி, பிள்ளையை இன்ஜினியரிங் சேர்த்த குடும்பத்துக்கு அரியர் என்பது விளையாட்டு இல்லை. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாங்குங்கள். செமஸ்டர் ஆரம்பத்திலேயே வாங்கினால் அந்தப் பாடம் போச்சு. மனப்பாடம் செய்த அசெம்ப்ளி ப்ரோகிராமில் ஒரு முகவரியை மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடும்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வேலை

எங்களுக்குத்தான் இது ஒன்றும் தெரியாதே என்கிறீர்களா? தெரிய வேண்டியதில்லை. பல்லாங்குழி ஆடியிருக்கிறீர்கள் அல்லவா? 14 குழி. எந்தக் குழி என்பது ஒரு கணக்கு, அந்தக் குழிக்குள் எத்தனை சோழி என்பது வேறு கணக்கு. நினைவகமும் அப்படித்தான். முகவரி என்பது குழியின் எண், டேட்டா என்பது உள்ளே கிடக்கும் சோழி. அசெம்ப்ளியில் புதிதாக வருபவர்கள் முக்கால்வாசித் தடுமாறுவது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான்.

பிள்ளையை ஒரு பேப்பரில் கட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் நீங்கள் ஒரே கேள்வி கேளுங்கள்: "இப்ப ஏ-ல என்ன இருக்கு? பி-ல என்ன இருக்கு?" மேலே சொன்ன கூட்டல் ப்ரோகிராமில் ஏ-வில் 5, 9, 12, 14, 15 என்று வர வேண்டும், பி-யில் 4, 3, 2, 1, 0 என்று இறங்க வேண்டும். தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். காலேஜில் ஆங்கிலம், நண்பர்களோடு இந்தி என்று இருக்கும் பிள்ளைகள் ஒரு விஷயத்தை உங்களுக்காகத் தமிழில் விளக்கும்போது தனக்கு எங்கே புரியவில்லை என்பதைத் தானே கண்டுபிடித்துவிடும். "அது வந்து... அப்படியே ஜம்ப் ஆகும்மா" என்று இழுத்தால் அங்கேதான் ஓட்டை. எந்தப் புத்தகமும் செய்யாத வேலை இது, காசும் கிடையாது :-)

ஆக, காலேஜில் 8085 என்றால் காவ்ன்கர், சிமுலேட்டர், ஒரு நோட்டு, பென்சில். மாதம் ஒன்று, சிப் ஒன்று, புத்தகம் ஒன்று. முதல் நாள் ராத்திரியே அந்த 12 பைட் ப்ரோகிராம் ஓடி 15 வர வேண்டும். திரையில் அது '0எஃப்' என்று பதினாறின் கணக்கில் தெரியும், பயந்துவிடாதீர்கள். அது வந்துவிட்டால் நீங்கள் வாங்கிய புத்தகம் சரியான புத்தகம். வராவிட்டால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் புத்தகத்தின் முன்னுரையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

துபாய், சிங்கப்பூர், டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு எந்தச் சிப்பில் ஆரம்பிக்கிறார்கள், எந்தப் புத்தகம் கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்களேன். தெரிந்துகொள்ள ஆசை.